கடலாடும் வேடர்



மேலை நாடுகளில் பனி உருகி வசந்தம் தலைகாட்டும் பருவம் தமிழர் கணக்கில் வசந்தமன்று. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையிலேதான் தொடங்கும். ஆயினும் காவிரியின் கடைமடையில் மாசி பிறந்துவிட்டால் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. சம்பா அறுவடை முடிந்து வயல்கள் தாளடியோடு நிற்கின்றன. மாமரங்கள் பூத்திருக்கின்றன. விடியற்பொழுதில் பனி, முற்பகலிலேயே வெயில். கடலும் வடகிழக்குப் பருவக்காற்றின் சீற்றம் தணிந்து அமைதி கொள்கிறது. நிலத்திற்கும் நீருக்கும் ஒருசேர ஓய்வு வாய்க்கும் இச்சிறு இடைவெளியிலேதான் தமிழகத்தின் வியப்பான சில வழிபாடுகள் அமைந்துள்ளன.

மாசி மாதத்து வழிபாடுகளுள் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. தெய்வம் வீட்டைவிட்டு வெளியே செல்கிறது. மேல்மலையனூர் முதலிய ஊர்களில் மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் சுடுகாட்டுக்குச் செல்கிறாள். அதனை மயானக் கொள்ளை என்பர். முழுநிலவு மக நாளில், கடலோரக் கோயில்களின் தெய்வங்கள் கடலுக்குச் செல்கின்றன. சுடுகாடும் கடலும் சாத்திரக் கோயிலின் மதிலுக்கு அப்பாற்பட்டவை. மனிதர் அஞ்சும் இடங்களும் அவையே. அங்கே தெய்வம் எந்தக் கோலத்தில், யாரிடம் செல்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

அவ்வினாவிற்கு விடை தேடத் தக்க ஊர் திருவேட்டக்குடி. காரைக்கால் நகருக்கு வடக்கே, தரங்கம்பாடி செல்லும் வழியில், வயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சிற்றூர் அது. இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அங்கே இருப்பதால் வெளிமாநில மாணவர் வாயிலும் அவ்வூர்ப் பெயர் அடிபடுகிறது. ஊரின் பழைய பெருமை திருஞானசம்பந்தர் பாடிய பதிகம். மூன்றாந் திருமுறையில் இடம்பெறும் அப்பதிகத்தைப் படிப்போர்க்கு முதலில் கிடைப்பது கடற்கரைக் காட்சி. திமில் செலுத்துவோர் மீனை வாரிக் கரைசேர்க்கின்றனர். தாழை சூழ்ந்த கழிக்கானல் தோன்றுகிறது. கோக்கப்படாத முத்துகளை அலை கொண்டுவந்து எறிகிறது. புன்னை நிழல் இருக்கிறது. மீன் நாறும் கரையைச் சம்பந்தர் ஒதுக்கவில்லை. அக்கரையை வைத்தே இறைவனுக்கு முகவரி எழுதினார் எனலாம்.

இறைவன் பெயர் திருமேனியழகர். சுந்தரேசுவரர் என்றும் வழங்குவர். தலபுராணம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பாசுபதம் வேண்டித் தவமிருந்த அருச்சுனனுக்கு வேட்டுவ வடிவில் வந்து இறைவன் அருளினான் என்பது ஒன்று. இறைவி மீனவர் குலத்தில் மகளாகத் தோன்றி வளர, இறைவன் வேடனாக வந்து அவளை மணந்தான் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மாசி மகத்தன்று ஒரே ஊர்வலத்தில் இணைகின்றன. வேடமூர்த்தியாக, வேட்டுவக் கோலத்தில் இறைவனும் இறைவியும் கோயிலிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை சேர்ந்து தீர்த்தவாரி கொள்கின்றனர். அருகிலுள்ள மண்டபத்தூர்க் கடற்கரையில் மீனவர் எதிர்கொள்கின்றனர். இதனைக் கடலாட்டு விழா என்பது வழக்கு.

இலக்கியம் பயின்றோர்க்கு இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். வேடனுக்குக் கடற்கரையில் என்ன வேலை? திணை இலக்கணப்படி வேட்டுவர் குறிஞ்சிக்கும் பாலைக்கும் உரியவர். பரதவர் நெய்தலுக்கு உரியவர். மலையில் வில்லோடு திரியவேண்டியவன் வலை உலரும் மணலுக்கு வருவது திணை மயக்கம். பாசுபதக் கதையிலும் கடல் இல்லை. மகாபாரதத்தின் வனபருவத்தில் அது இமயச் சாரலில் நிகழ்கிறது; பாரவியின் வடமொழிக் காப்பியமும் வில்லிபுத்தூராரின் தமிழ்ப் பாரதமும் மலையையே பேசுகின்றன. சிதம்பரத்திற்கு அருகே பாசுபதக் கதையைத் தன் தலவரலாறாகக் கொண்ட திருவேட்களம் கூட இன்று பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய ஊரேயன்றிக் கடலில் கால் நனைப்பதன்று.

விடை ஊர்ப் பெயரிலேயே இருக்கக்கூடும். வேட்டம் என்னும் சொல் சங்கப் பாடல்களில் காட்டு விலங்கைத் துரத்துவதற்கு மட்டும் உரியதன்று. நெய்தற் பாடல்களில் பரதவர் கடலில் மீன் பிடிக்கச் செல்வதும் வேட்டமே. இன்றும் மீன்வேட்டை என்கிறோமே தவிர வேறு சொல்லைத் தேடுவதில்லை. வேட்டக்குடி என்பது வேடன் வந்ததால் அமைந்த பெயர் என்பது புராண விளக்கம். கடல்வேட்டம் செய்வோர் வாழ்ந்த குடி என்பதே முந்திய பொருளாக இருக்க, அப்பெயரைக் கேட்ட புராணம் பின்னர் வில்லேந்திய வேடனை அங்கே வரவழைத்தது என்று கருத இடமுண்டு. இதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் இவ்வாறு கொண்டால் திணை மயக்கம் தீர்கிறது. மாசி மகத்தன்று கடற்கரையில் வேடன் வேடனைச் சந்திக்கிறான். ஒருவன் கையில் வில்; மற்றவன் கையில் வலை.

கடலாட்டு எவ்வளவு பழையது? சம்பந்தரே சான்று தருகிறார். ஆனால் திருவேட்டக்குடியில் அன்று, மயிலாப்பூரில். அங்கே சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவள் எலும்பும் சாம்பலும் குடத்தில் வைக்கப்பட்டிருந்தன. அக்குடத்தை நோக்கிச் சம்பந்தர் பாடிய பதிகம் அவ்வூரின் விழாக்களை வரிசைப்படுத்துகிறது. இவற்றைக் காணாமலா போய்விடுவாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கிறார். மார்கழி ஆதிரை, தைப்பூசம், அடுத்து மாசிக் கடலாட்டு, பின்னர் பங்குனி உத்திரம் என அவ்வரிசை செல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மாசிக் கடலாட்டு ஊரறிந்த விழாவாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விழாக்களைப் பட்டியலிடும் நூல்கள் பல உண்டு. பட்டியலை இறந்த குழந்தையிடம் சொன்ன நூல் இது ஒன்றே. அச்செய்தி பின்னர்த் தேவைப்படும்.

அதற்கும் முன்னே பட்டினப்பாலை இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் புகார், திருவேட்டக்குடிக்கு வடக்கே அதே கரையில் உள்ளது. அங்கே முழுநிலவு நாளில் பரதவர் கடலுக்குச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு அதில் உறையும் தெய்வத்தை வழிபடுகின்றனர். தாழம்பூச் சூடிக் கள்ளுண்டு களிக்கின்றனர். கடலாடித் தீது நீக்கி, பின்னர் நன்னீரில் ஆடி உடலின் உப்பைப் போக்குகின்றனர். கோயிலும் குருக்களும் ஊர்வலமும் அக்காட்சியில் இல்லை. முழுநிலவு, ஓய்வு, கடல் நீராட்டு, மீனவரின் தெய்வம் என்னும் நான்கும் உள்ளன. மாசி மகத்தின் அடித்தளம் இவையே. நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பது மீனவர் பட்டறிவு. முழுநிலவில் ஓதம் உயர்ந்து கடல் கரையேறி வரும் என்பது எவரும் காணும் உண்மை. தொழிலுக்கு உதவாத நாள் தெய்வத்துக்கு உரிய நாளானது. கோயில் பிற்காலத்தில் அந்நாளுக்கு வந்து சேர்ந்தது. நாளைக் கோயில் உண்டாக்கவில்லை.

உள்நாட்டில் மாசி மகம் வேறு முகம் கொள்கிறது. கும்பகோணத்தில் மக்கள் குளத்தைத் தேடிச் செல்கின்றனர். வியாழன் சிம்மத்தில் நிற்கும் ஆண்டில் அது மகாமகம். 2016இல் நிகழ்ந்தது, அடுத்தது 2028இல். அங்கே நீர் தெய்வத்தின் இடத்தில் இருக்கிறது, மக்கள் நடக்கின்றனர். கடற்கரையிலோ மக்கள் இருக்கும் இடத்துக்குத் தெய்வம் நடக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

காரைக்கால் மாவட்டத்தின் தென்பகுதியில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு அதே மாசி மகத்தில் திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் எழுந்தருளுகிறார். அவருடைய தேவியருள் பத்மினி நாச்சியார் மீனவத் தலைவனின் மகள் என்பது மரபு. ஆதலால் பட்டினச்சேரி மீனவர்க்குப் பெருமாள் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றே கூவி வரவேற்கின்றனர். பவழக்கால் சப்பரத்தில் சுமந்து செல்கின்றனர். பிற நாள்களில் பெருமாளின் முன் கைகட்டி நிற்போர் அன்று மாமனார் வீட்டாராகின்றனர். மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையும் உண்டு, மாப்பிள்ளையிடம் காட்டும் உரிமையும் உண்டு.

ஒரே மாவட்டத்தின் வடகரையில் சிவபெருமான், தென்கரையில் திருமால். சைவமும் வைணவமும் ஏடெழுதி வழக்காடிய நூற்றாண்டுகளில், கடற்கரைக் குடியினர் இரு தெய்வங்களுக்கும் பெண் கொடுத்திருக்கின்றனர். மதுரைத் திருவிளையாடலில் வரும் வலைவீசிய படலமும் இக்கதையே. அங்கும் உமை மீனவர் மகள், அங்கும் இறைவன் கரைக்கு வந்து மணம் கொள்கிறான். கதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றதா, கடற்கரை தோறும் தானே முளைத்ததா என்னும் ஆராய்ச்சியைவிட, ஏன் இவ்வுறவு மட்டும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே கருதத்தக்கது. அரசன் குடிகளைக் காண வரலாம், வராமலும் இருக்கலாம். வள்ளல் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பெண் கொண்ட வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாப்பிள்ளை வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் கேட்கும் உரிமை பெண்வீட்டாருக்கு உண்டு. கோயிலின் அருள் என்று பிறர் சொல்வதைக் கரையோர் கடமை என்று வாங்கிக்கொண்டனர். கடலாட்டு விழாவைக் கோயிலின் பெருந்தன்மையாக எழுதும் தலவரலாற்று ஏடுகள் இதனைக் காணத் தவறுகின்றன.

பிற கரைகளில் வேறு உறவுகள் உள்ளன. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை செல்லும்போது வழியில் தைக்காலில் இசுலாமியர் எதிர்கொண்டு சிறப்புச் செய்கின்றனர். அங்குள்ள தர்காவுக்கும் பெருமாளுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அது நட்பின் உறவு.

மாமல்லபுரத்தில் நிகழ்வதோ முற்றிலும் வேறு. அங்கே கடலுக்குச் செல்வது கோயில் தெய்வம் அன்று, வேடரே செல்கின்றனர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பம் குடும்பமாக மாசி மகத்துக்கு முன்னரே வந்து சேர்கின்றனர். சவுக்குக் கழிகளை நட்டுப் பழஞ்சேலைகளைக் கட்டி மணலில் குடில் அமைக்கின்றனர். கன்னியம்மன் சினங்கொண்டு கடலுக்குச் சென்றுவிட்டாள், அவளைத் தணிவித்து வீட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. முழுநிலவு மறைந்து விடியும் வேளையில் ஈர மணலால் ஏழு படி கட்டிப் பூவும் பழமும் வெற்றிலையும் படைக்கின்றனர். அருள் வந்தவர் வாயிலாகக் கன்னியம்மன் பேசுகிறாள். அக்கரையிலேயே பெண் பார்க்கின்றனர், நிச்சயம் செய்கின்றனர், தாலி கட்டுகின்றனர், குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துகின்றனர். சிதறி வாழும் ஒரு குடி ஆண்டுக்கு ஒருமுறை உறவாகத் திரளும் இடம் அது. அலை வந்து மணற்படியைக் கரைத்துச் செல்வதே வழிபாடு நிறைவேறியதற்கு அடையாளம். கோபுரமும் உண்டியலும் இல்லாத வழிபாடு.

இருளர் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த வேட்டுவர். தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் நின்றபின் 1978இல் அவர்தம் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பின் நஞ்செடுத்து மருந்துக்கு வழங்குகின்றனர். 2023இல் இருளர் இருவர் பத்மசிறீ பெற்றனர். அவருள் ஒருவரான மாசி சடையனின் பெயரிலேயே இத்திங்கள் இருக்கிறது. இவர்கள் கூடும் மணலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பாறையில் ஒருவன் ஒற்றைக் காலில் தவம் செய்கிறான். அருச்சுனன் தவம் என்று ஊரார் சொல்வர். பகீரதன் தவம் என்று ஆய்வாளர் சிலர் சொல்வர். வழக்கு இன்னும் முடியவில்லை. அருச்சுனன் என்று கொண்டால், அவன் எதிர்நோக்கிய வேடர் ஆண்டுதோறும் அப்பாறையைக் கடந்து கடலுக்குச் சென்றுகொண்டுதான் இருக்கின்றனர்.

மீண்டும் திருவேட்டக்குடிக்கு வரலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி ஆதிரையை ஒட்டிய முழுநிலவு நாள். அன்று காலை ஆழிப்பேரலை காரைக்கால் கரையை அடித்தது. காரைக்கால் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவருள் குழந்தைகளும் பெண்களும் மிகுதி. கடற்கரைச் சிற்றூர்களில் சாவு நுழையாத தெரு அரிது. அதற்கு அடுத்த முழுநிலவு தைப்பூசம். அதற்கும் அடுத்தது மாசி மகம். பூம்பாவைப் பதிகத்தின் வரிசை அதே முறையில் வந்தது: ஆதிரை, பூசம், கடலாட்டு.

இரண்டே முழுநிலவுகள். எந்தக் கடல் பிள்ளைகளை வாரிச் சென்றதோ அந்தக் கடலில் தெய்வத்தை நீராட்ட வேண்டிய நாள் காலண்டரில் நின்றது. அவ்வினாவை எதிர்கொண்ட கரைகள் தமிழகத்தில் எத்தனையோ. சாவு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டு விழா இல்லை என்பது தமிழர் வழக்கம். பொங்கலும் தீபாவளியும் அவ்வீட்டு வாசலில் நின்றுவிடும். விழாவைக் கொண்டாட்டம் என்று மட்டும் எண்ணுவோர்க்கு அங்கே வழி அடைபடுகிறது.

ஆனால் பெண்வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது விருந்துக்கு மட்டுமா? சாவு நிகழ்ந்தால் முதலில் வந்து நிற்கவேண்டியவரும் அவரே. சடங்குகளில் அவருக்கு இடமுண்டு. விருந்துக்கு வந்து துக்கத்துக்கு வராத மாப்பிள்ளையை எந்தக் குடியும் மன்னிப்பதில்லை. மீனவர் தெய்வத்தோடு கொண்ட உறவை வேறு வகையாக, ஆண்டான் அடிமை உறவாக, அல்லது வேண்டியதைக் கொடுப்பவன் பெறுபவன் உறவாக அமைத்திருந்தால், அலைக்குப் பின் அதில் எஞ்சுவது கேள்வி ஒன்றே: ஏன் காக்கவில்லை? மாப்பிள்ளை உறவில் அக்கேள்வியோடு இன்னொன்றும் சேர்கிறது: வந்தாரா? அவ்விரண்டாம் கேள்விக்கு ஆண்டுதோறும் விடை கிடைக்கிறது. முதற் கேள்விக்கு விடை இல்லை. பூம்பாவைப் பதிகமும் அதற்கு விடை சொல்லவில்லை. பாம்பு ஏன் தீண்டியது என்று சம்பந்தர் பேசவேயில்லை. ஊரில் விழா நடக்கிறது, நீ இல்லையே என்று மட்டும் சொன்னார்.

பேரலைக்குப் பின் புதிய குடியிருப்புகள் பல, கரையைவிட்டுத் தள்ளி மேட்டு நிலத்தில் எழுந்தன. அது அறிவுடைமையே. கடலரிப்பைத் தடுக்கக் கரையோரம் பல இடங்களில் கற்கள் கொட்டப்பட்டன, அதுவும் வேண்டியதே. ஆயினும் மாமனார் வீடு இடம் பெயர்ந்துவிட்டது. முன்பு வேடர் வந்திறங்கும் மணலும் மீனவர் வாசலும் ஒன்றாக இருந்தன. இன்று பல ஊர்களில் வீட்டிலிருந்து கரைக்கு வந்து மாப்பிள்ளையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தீர்த்தவாரிக்கு ஏற்ற திறந்த மணற்பரப்பு எவ்வளவு எஞ்சும் என்பது இனிவரும் ஆண்டுகளின் கவலை. திட்டம் தீட்டுவோரின் வரைபடத்தில் படகுத்துறைக்கும் சாலைக்கும் இடமுண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் தெய்வம் நிற்கும் மணலுக்கு அவ்வரைபடத்தில் பெயர் இல்லை. பெயர் வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் கரையில் வாழ்வோரே. ஊர்வலத்தைப் பார்த்துத் திரும்பும் வெளியூரார் அல்லர்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1954இல் விடுபட்ட காரைக்கால், கதையை நடித்துக் காட்டி வாழவைப்பதில் பெயர் பெற்ற ஊர். ஆனித் திங்களில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா அதற்குப் பெருஞ்சான்று. கடையில் வாங்கிய மாம்பழத்தை மாடியிலிருந்து எறிந்தே புனிதவதியின் வரலாற்றை ஒரு நகரமே நடிக்கிறது. திருவேட்டக்குடியின் கடலாட்டு அவ்வளவு விளம்பரம் பெறவில்லை. பெறாததும் ஒருவகையில் நன்றே. அங்கே நடிப்போர், பார்ப்போர் என்னும் பிரிவு குறைவு. இறைவனுக்கு எதிர்கொள்ளும் உறவினர் வேண்டும், கூட்டம் வேண்டுவதில்லை.

தீர்த்தவாரி முடிந்து வேடமூர்த்தி வயல்களின் ஊடே கோயிலுக்குத் திரும்புகிறார். வேட்டுவக் கோலம் களையப்பட்டு மீண்டும் திருமேனியழகர் ஆகிறார். மறுநாள் நிலவு ஏறத்தாழ இரண்டு நாழிகை தாழ்த்தி எழும். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு நாழிகை. மாலைக்கும் நிலவெழுச்சிக்கும் இடையே இருள் சிறிது சிறிதாக வளரும். அவ்விருளில் வலைகளோடு படகுகள் வேட்டத்துக்குப் புறப்படும். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரை அவற்றுள் விசைப்படகுகளுக்குக் கிடைப்பது சில கிழமைகளே.